வாயில் ஊட்டிய குஞ்சு

நவம்பர் 9, ஞாயிறு

கோபம் வந்தால் கத்தாமல் எழுதித் தீர்த்துக்கொள் என்று பிலோமி இந்த டைரியை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். வருஷம் முடியப் போகிற நேரத்தில் டைரி வாங்கிக் கொடுக்கும் நாத்தனார் எனக்கு மட்டும்தான் வாய்த்திருப்பாள். பாதி விலைக்குக் கிடைத்திருக்கும். எனக்குக் கோபம் அதிகம் என்பது உண்மைதான். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள் கத்தாமல் இருந்தால் பெரம்பூரில் பாதிச் சுவர் இடிந்து கிடக்கும்.

இன்று கோபம் இல்லை. இன்று நான் ஜெயித்திருக்கிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கும் இவருக்கும் ஒரே சண்டை, மொட்டை மாடியில் இருக்கிற புறாக் கூண்டு. பந்தயப் புறாக்கள். எங்கோ ஆந்திராவில் கொண்டுபோய்த் திறந்துவிட்டால் வீடு தேடிப் பறந்து வருமாம். வரட்டும். துவைத்துப் போட்ட துணியில் எச்சம், தண்ணீர்த் தொட்டியில் இறகு, வீடு முழுக்கப் பொடித் தூசி. வருஷத்துக்கு ஒருமுறையாவது இதற்காக அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போயிருக்கிறேன்.

மத்தியானம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் லூர்துராஜ் சோற்றைப் பார்த்துக்கொண்டே, கிறிஸ்துமஸ் முடிந்ததும் எல்லாவற்றையும் விற்றுவிடுகிறேன் என்றார். பிலோமி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். ஆக, சாட்சியும் உண்டு. நான் இன்னொரு மீன் துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 12

போன மாதம் ஞாயிறு சந்தையில் வாங்கிவந்த ஜோடியில் பெட்டை செத்துப்போனது. சில நாளாகவே இறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்ததாம், கண்ணில் தண்ணீர் வடிந்ததாம், எச்சம் பச்சையாகப் போனதாம். மழைச் சளி என்றார் இவர். பொரித்து ஒரு வாரமான இரண்டு குஞ்சில் ஒன்று அதனோடே போனது. மிச்சம் ஒன்று. ஆண் ஊட்டினால் உண்டு, இல்லையென்றால் பிழைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டு ஃபேக்டரிக்குப் போய்விட்டார்.

போனால் போகட்டும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு எல்லாம் போகத்தானே போகிறது.

நவம்பர் 13

துணி காயப்போட மாடிக்குப் போனேன். நாள் முழுக்க மழை.

நவம்பர் 17

இவருக்குத் தலைகால் புரியவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, “அந்த ஆம்பள புறா ஒண்டியாவே குஞ்ச வளக்குதுடி. நம்ம கூண்டுல இப்டி ஒரு அப்பன் இருந்ததே இல்ல” என்றார். அந்த ஆண் புறாவின் படத்தை எடுத்துப் புறாக் கிளப் ஆட்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார். கிளப்பில் ஒருவர் அதற்கு மாலை போட்ட மாதிரி படம் செய்து திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அந்தத் தடியன் ஒரு தானியம்கூட ஊட்டுவதில்லை. கூண்டின் இன்னொரு கோடியில் வேறொரு பெட்டையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், துணி காயப்போடப் போகும்போது கண்ணில் படத்தானே செய்யும்.

நவம்பர் 21

இந்தப் புறாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. தாயில்லாத குஞ்சு என்றால் ஊறவைத்த கம்பையும் வேர்க்கடலையையும் தங்கள் வாயில் போட்டு மென்று, குஞ்சின் அலகை உதட்டுக்கு நடுவே வைத்துக்கொள்வார்கள். குஞ்சு வாய்க்குள் அலகை விட்டுத் துழாவித் தின்னும். என் மாமனார் செய்தார், இவர் செய்கிறார், கிளப்பில் எல்லோரும் செய்கிறார்கள். கல்யாணமான புதிதில் இதை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அப்படி ஒருவர் ஊட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அலகு மெத்தென்று இருக்கும். குஞ்சின் உடம்பே ஆடும், குட்டிச் சிறகை அடித்துக்கொள்ளும். ஊட்டி முடித்த பிறகும் உதட்டை விடாது. கிளட்ச்சை விடுடி, விடுடி என்று நான் காரில் கத்துவேனே, அந்த மாதிரி அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதனால் கிளட்ச் என்று பெயர் வைக்கலாம், யாராவது வைப்பதாக இருந்தால்.

நவம்பர் 26

தலைவலி. கழுத்திலிருந்து நெற்றி வரை ஸ்பேனர் போட்டு முறுக்குகிற மாதிரி. புதிதாகச் சேர்ந்த பேங்க் அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித்தரும்போது எனக்குக் குளிரிற்று. நவம்பர் மாதம், மழை, ஈரம். ஊரே தும்முகிறது.

நவம்பர் 29

காய்ச்சல் விடவில்லை. தெருமுனை கிளினிக்கில் டெங்குவா என்று பார்த்தார்கள், இல்லை. மாத்திரை கொடுத்தார்கள். வறட்டு இருமல் வேறு. மத்தியானம் கொஞ்சம் தேவலை என்று தோன்றியது, மாடிக்குப் போய்வந்தேன். கிளட்ச்சுக்கு இறகு நன்றாக முளைத்துவிட்டது, தானாகவே கம்பு பொறுக்குகிறது. இருந்தாலும் என்னைப் பார்த்ததும் ஓடி வந்துவிடுகிறது.

இறங்கும்போது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டேன். வயது ஆகிறது, அவ்வளவுதான்.

டிசம்பர் 3

ஒன்றும் சாப்பிட முடியவில்லை. பிலோமி கஞ்சி கொண்டுவந்தாள். “அண்ணி, நீ கத்தாம இருக்கியே, அத பாத்தாதான் எனக்குப் பயமா இருக்குது” என்றாள். கத்தலாம் என்று பார்த்தேன். இருமல்தான் வந்தது.

டிசம்பர் 5

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு பக்க நுரையீரலிலும் நிமோனியாவாம். டாக்டர் ஹசீனா என்று ஓர் அம்மா, என்னைவிட இளையவர், உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார். சர்க்கரை உண்டா, எங்காவது வெளியூர் போனீர்களா, வீட்டில் ஆடு, கோழி, பறவை ஏதாவது உண்டா.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பதில் சொன்னார். “புறா நான்தான் வளக்குறேன் டாக்டர். இவளுக்கும் அதுக்கும் ஆகவே ஆகாது. கூண்டுப் பக்கமே எட்டிப் பாக்கமாட்டா.” பிலோமியும் ஆமாம் ஆமாம் என்றாள். தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். டாக்டர் இவருடைய நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார். சுத்தமாக இருந்தது. ஃபேக்டரி விட்டால் கூண்டிலேயே கிடப்பவருக்கே ஒன்றுமில்லை என்றால் எனக்கு எங்கிருந்து வரப்போகிறது.

என்னைப் பார்த்து, அப்படித்தானேம்மா என்றார் டாக்டர். நான் தலையை ஆட்டினேன். பின்னே என்ன சொல்வது? இத்தனை வருஷம் போராடி ஜெயித்த சண்டை. நானே ஒரு குஞ்சு வளர்த்தேன் என்று தெரிந்தால் இவர் கூண்டைப் பிரிப்பாரா?

டிசம்பர் 6

ஊசி மாற்றினார்கள். காய்ச்சல் அப்படியே இருக்கிறது. மூக்கில் ஆக்சிஜன்.

டிசம்பர் 7

மூச்சு போதவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

எழுத முடிகிறது. எழுதியே ஆகவேண்டும். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

எட்டாம் தேதி முகம் முழுக்க மூடுகிற மாஸ்க் போட்டிருந்தார்கள். காற்று உள்ளே அடிக்கும், ஆனாலும் எனக்குப் போதவில்லை. தண்ணீருக்குள் முங்கி எழ முடியாதவள் மாதிரி இருந்தேன். கட்டில் பக்கத்தில் டாக்டர் இவரிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் தேறவில்லை என்றால் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைக்க வேண்டியிருக்கும், கையெழுத்துப் போட வேண்டும் என்று காதில் விழுந்தது. பிலோமி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

இவர் அழுதுகொண்டே, இன்றைக்கே எல்லாப் புறாவையும் விற்றுவிடுகிறேன், கூண்டை உடைத்துவிடுகிறேன், அவள் பிழைத்தால் போதும் என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டருக்கு அதனால் என்ன? ஆனால் அந்த மனிதருக்குக் கொடுப்பதற்கு அதைவிடப் பெரிதாக வேறெதுவும் இல்லை.

நான் ஜெயித்துவிட்டேன். கிறிஸ்துமஸ் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், கூண்டு இன்றைக்கே போகிறது. சும்மா படுத்திருந்தாலே போதும். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது, வாழ்க்கையில் முதல்தடவையாக உண்மையான பயம். ஜெயித்துவிட்டுச் செத்துப்போவேனோ என்று.

கையைத் தூக்கி மாஸ்க்கை இழுத்தேன். நர்ஸ் ஓடி வந்து பிடித்தார். நான் விடவில்லை.

“நான்தான் ஊட்டினேன்” என்றேன்.

டாக்டர் குனிந்து, என்னம்மா என்று கேட்டார்.

“புறாக் குஞ்சு. கம்பு மென்னு, வாய்லேர்ந்து ஊட்டினேன். தினமும். அதோட தாய் செத்துப்போச்சு, கண்ல தண்ணி வடிஞ்சு.”

அவ்வளவு சொல்வதற்குள் கண் இருட்டிவிட்டது. மாஸ்க்கைத் திரும்பப் போட்டார்கள். டாக்டர் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, நர்ஸிடம் ஏதோ மருந்துப் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தார். பிலோமியின் கையில் ஜெபமாலை அப்படியே நின்றுவிட்டது. இவர் என்னையே பார்த்தபடி நின்றார். பிறகு கேட்டார்.

“அப்போ அந்த ஆம்பள ஊட்டலியா?”

நான் போட்டிருந்த மாஸ்க்கைக் கழற்றி அவர் தலையில் அடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல இருந்தது. இரண்டுக்கும் தெம்பு இல்லை.

குழாய் போடவில்லை. மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அதற்கடுத்த நாள் காலையில் இட்லி கேட்டேன். இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னதும் பிலோமி வராந்தாவுக்கு ஓடிப்போய் அண்ணி திட்டுது, அண்ணி திட்டுது என்று எல்லோருக்கும் போன் போட்டாளாம்.

டாக்டர் பிறகு விளக்கிச் சொன்னார். பறவைகளிடமிருந்து மனிதருக்கு வருகிற ஒரு பாக்டீரியா. எச்சத்திலும் சளியிலும் இருக்கும், காய்ந்து பொடியாகி மூச்சில் போகும். நானோ அதற்கு வாயையே திறந்து வைத்திருக்கிறேன். நோய்ப் பறவையோடு இருக்கிற எல்லோருக்கும் வந்துவிடாது, அதனால்தான் இவர் தப்பித்தார். நிமோனியாவுக்குப் போடுகிற வழக்கமான ஊசி இந்தக் கிருமியிடம் எடுபடாது. சரியான மருந்து என்னவோ சாதாரண மாத்திரைதான், விலைகூட அதிகமில்லை, ஆனால் எந்தக் கிருமி என்று சந்தேகம் வர வேண்டுமே. சளியை அனுப்பிச் செய்த சோதனையும் நேற்று அதையே சொல்லிவிட்டது. கிளிக் காய்ச்சல் என்று பெயராம், கிளி மட்டும் இல்லை, புறாவிடமிருந்தும் வருமாம். புறா வளர்த்துக் கிளிக் காய்ச்சல் வாங்கினவள் பெரம்பூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

“ரெண்டாவது வாட்டி கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல?” என்றார் டாக்டர். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

“சண்டையில ஜெயிச்சுக்கிட்டிருந்தேன் டாக்டர்” என்றேன்.

டிசம்பர் 20

வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததும் முதல் வேலையாக ஒரு சண்டை போட்டேன். நாளைக்குக் காலையில் புளியந்தோப்பிலிருந்து ஆள் வருகிறான், எல்லாப் புறாவையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு போகிறான் என்றார் இவர். முகம் செத்துப்போயிருந்தது. எனக்காகச் செய்கிறாராம்.

“நோய் புடிச்ச புறாவ இன்னொருத்தன் தலையில கட்டுவீங்களா? அவன் வீட்லயும் ஒருத்தி இருப்பா, மூச்சு விட்டுக்கிட்டு” என்றேன். இத்தனை வார்த்தைக்கு நடுவில் மூன்று இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினேன். அவர் போனை எடுத்து அந்த ஆளிடம் வரவேண்டாம் என்றார்.

குணப்படுத்தின பிறகு விற்கலாமே என்று பிலோமி மெதுவாகச் சொன்னாள். அது பிறகு பார்க்க வேண்டிய விஷயம் என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பார்க்காதது மாதிரி இருந்தேன்.

டிசம்பர் 25

காலைப் பூசைக்குப் போனேன். பாடல் பாட முடியவில்லை, வாயை மட்டும் அசைத்தேன். உயிரோடு நிற்கிறேன், அது போதும். சந்தோஷமாக இருந்தது, அழுகை வந்தது, இரண்டையும் பிலோமி பார்த்துவிட்டாள்.

ஜனவரி 11

கால்நடை டாக்டர் சொன்னபடி கூண்டு முழுவதற்கும் மருந்து நடக்கிறது. குடிக்கும் தண்ணீரில் கலக்க வேண்டும், ஒன்றரை மாதம் விடாமல். புறாக்களை வெளியே பறக்கவிடக் கூடாது. எச்சத்தை உலர வைத்துப் பெருக்கக் கூடாது, தண்ணீரும் கிருமிநாசினியும் தெளித்து ஊறிய பிறகுதான் வழிக்க வேண்டும். இவர் மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறவர் மாதிரி மாடிக்குப் போகிறார். எனக்கு இப்போது மேலே போக அனுமதி இல்லை. டாக்டர் போட்ட தடை, அதை இவர் போலீஸ் மாதிரி காவல் காக்கிறார்.

கிளட்ச் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவராகவே தினமும் போனில் படம் எடுத்துவந்து காட்டுகிறார். நெஞ்சு அகலமாக, கழுத்தில் பச்சையும் ஊதாவுமாக மினுமினுப்போடு, நல்ல கம்பீரமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

புறாக் கிளப் கூட்டம். என்னை அழைத்துப் போகச் சொன்னேன். இவருக்குத் தர்மசங்கடம், அங்கே பெண்கள் யாரும் வந்ததில்லை. பரவாயில்லை, நானும் முன்னே செத்துப் பிழைத்ததில்லை என்றேன்.

ஓர் அறை நிறைய ஆண்கள். பாதிப் பேர் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள், லூர்துராஜைப் புறாவை விட்டு விரட்டுகிற பெண்டாட்டி என்று. நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். இனி யாரும் குஞ்சுக்கு வாயால் ஊட்டக் கூடாது, ஊசி இல்லாத சிரிஞ்சில் கூழாகக் கரைத்து ஊட்டுங்கள், புதிதாக வாங்கிய புறாவைச் சில வாரம் தனியாக வையுங்கள், காய்ச்சலோடு டாக்டரிடம் போனால் புறா வளர்க்கிறேன் என்று முதலில் சொல்லுங்கள் என்றேன். பெரியவர் ஒருத்தர் எழுந்து, எங்கப்பா காலத்திலிருந்து வாயால்தான் ஊட்டுகிறோம், எங்களுக்கு என்ன ஆயிற்று என்றார்.

“எங்கிட்ட சீட் பெல்ட்டு போடாம ஓட்ட வர்றவங்களும் இதையேதான் சொல்றாங்க” என்றேன்.

அறை சிரித்தது. அந்தப் பெரியவரும் சிரித்துவிட்டார். கடைசியில் பின்வரிசையில் ஒருத்தர் தயங்கித் தயங்கி எழுந்து, தன் தம்பிக்கு ஒரு வாரமாகக் காய்ச்சலும் இருமலும், வீட்டில் இரண்டு புறா செத்திருக்கிறது என்றார். டாக்டர் ஹசீனாவின் பெயரைச் சொல்லி, அங்கேயே நிற்கவைத்து ஆட்டோ பிடிக்க வைத்தேன். மூன்று நாளில் தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. இதைப் பின்னால் சேர்த்து எழுதுகிறேன், இடம் விட்டு வைத்திருந்தேன்.

பிப்ரவரி 8

மருந்து முடிந்தது. எச்சத்தைச் சோதனைக்கு அனுப்பினோம், கிருமி இல்லை. டாக்டர் ஹசீனா என் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு மாடிக்குப் போகலாம் என்றார். கூட ஒன்று சொன்னார், குரல் முழுசாகத் திரும்ப நாளாகும், அவசரப்படாதீர்கள். கார் ஓட்ட வருகிறவர்களிடம் இப்போது நான் கத்துவதே இல்லை. மேடத்துக்கு எவ்வளவு பொறுமை என்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது.

மாடிக்குப் போனேன். கிளட்ச் தோளில் வந்து உட்கார்ந்தது. மாஸ்க்கைக் கொத்தியது. ஒன்றும் கிடைக்காது போடா என்றேன்.

கூண்டை என்ன செய்யலாம் என்று இவர் கேட்டார். மழைக்கு ஒழுகுகிறது, கூரையை மாற்றுங்கள் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 15

அடுத்த ஞாயிறு நெல்லூரிலிருந்து இளம் புறாக்களுக்கான பந்தயம். இவர் தன் பெயரில் ஒரு புறாவைப் பதிந்திருக்கிறார், சாம்பல் நிறம், பயிற்சியில் எல்லாவற்றையும் முந்தி வருகிறது. கிளட்ச்சை நான் என் பெயரில் பதிந்தேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு போட்டியாளர். உன் பையன் வழியில் எங்காவது உட்கார்ந்து தூங்கிவிடுவான் பார் என்று இவர் சிரித்தார். பார்க்கலாம்.

மார்ச் 22, ஞாயிறு

விடியும்போதே நெல்லூரில் திறந்துவிட்டார்கள் என்று போன் வந்தது. பூசைக்குப் போகவில்லை, சாமி மன்னிக்கட்டும். மாடியில் நான், இவர், பிலோமி. வெயில் ஏற ஏற எனக்குக் கையெல்லாம் வியர்த்தது. இத்தனை வருஷம் இதற்காகவா இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் என்று திட்டியிருக்கிறேன். இன்றைக்கு அவருக்கு முன்னால் நான்தான் போய் நின்றேன்.

வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. அது பெரிதாகி, சிறகாகி, எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. கிளட்ச். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது, இந்தத் தடவை நோயால் இல்லை. ஆனால் அந்த மடையன் கூண்டுக்கு வரவில்லை. எதிர் வீட்டுத் தண்ணீர் டாங்க் மேல் போய் உட்கார்ந்துகொண்டு இறகைக் கோத ஆரம்பித்தது. உள்ளே வந்து, காலில் கட்டிய சீட்டைப் பிரித்து, அதிலிருக்கும் எண்ணைக் கிளப்புக்குப் போனில் சொன்னால்தான் வந்து சேர்ந்ததாகக் கணக்கு. இவர் தானிய டப்பாவைக் குலுக்கினார், சீட்டி அடித்தார், பிலோமி கையைத் தட்டினாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து வடக்கே இன்னொரு புள்ளி தெரிந்தது. சாம்பல் நிறம்.

மாஸ்க்கைக் கீழே இறக்கினேன். மூச்சை இழுத்தேன். இழுக்க இழுக்கப் போய்க்கொண்டே இருந்தது, எங்கேயும் தடுக்கவில்லை.

“டேய் கிளட்ச்! வாடா இங்க!”

தெருவில் ஒரு ஸ்கூட்டர் பிரேக் போட்டது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. கிளட்ச் டாங்க்கை விட்டு எழும்பி, நேராக வந்து என் கையில் இறங்கியது. நான் சீட்டைப் பிரித்தேன், பிலோமி போனில் எண்ணைக் கத்திச் சொன்னாள். முடிந்த பிறகுதான் கவனித்தேன், எனக்கு இருமல் வரவில்லை.

சாம்பல் புறாவும் வந்து கூண்டு வாசலில் இறங்கிவிட்டிருந்தது. இவர் அதைப் பார்க்கவே இல்லை. டப்பாவைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், கன்னமெல்லாம் கண்ணீர்.

“உங்க புறா வந்துடுச்சுங்க, சீட்ட பிரிங்க” என்றேன்.

“கெடக்குது. நீ இன்னொரு வாட்டி கத்து, எமல்டா.”

கத்தினேன்.